‘புயல் வருசம்’ எது, 52-ஆ 55-ஆ? வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்

அளத்து வீட்டுப் பேரன்

வணக்கம். எங்கள் பூர்வீகம் அகஸ்தியம்பள்ளி. தாத்தா காலம் வரைக்கும் உப்பளத்து வேலைதான். இப்போது ஆளுக்கொரு திசையில் இருக்கிறோம். அப்பாயி மட்டும் ஊரை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது.

ஊரை அடித்த புயல்களை வரிசையாக எழுதி வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். 2018 கஜா, 2008 நிஷா, 2004 சுனாமி, 1977 புயல் வரைக்கும் சிக்கல் இல்லை, சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது. அதற்கு முந்தையதில்தான் முட்டுகிறது. அப்பாயிக்குக் காலம் என்பதே புயலுக்கு முன்னே, புயலுக்குப் பின்னேதான். எந்தப் புயல் என்று கேட்டால், “அதான்டா புயல். மத்ததெல்லாம் காத்து” என்கிறது. கஜாவையே காத்துக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது.

அது சொன்னதில் பிடிமானமாகத் தெரிவது இவ்வளவுதான். கார்த்திகை தீபத்தை ஒட்டி, ராத்திரி நேரத்தில் வந்தது. திண்ணையில் வைத்த அகல்களை எடுத்துக்கூட வைக்கவில்லை. தண்ணீர் கடற்கரைப் பக்கமிருந்து வரவில்லை, அளத்துப் பக்கமிருந்து வந்தது. அப்போது அதற்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆடு மேய்க்கிற வயசு. ஆதாரில் உள்ள பிறந்த தேதி யாரோ உத்தேசமாகப் போட்டது, அதை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது.

தேடினால் 1952, 1955 என்று இரண்டு புயல் வருகிறது. இதில் எது?

வானிலைக் கிறுக்கன்

நல்ல கேள்வி. இரண்டுமே பெரிய புயல்கள்தான்.

1952 நவம்பர் 30 அன்று வந்தது நாகப்பட்டினம் பக்கத்தில் கரை ஏறியது. கடல் 8 கிலோமீட்டர் வரை உள்ளே வந்ததாகவும் சுமார் 400 பேர் இறந்ததாகவும் பதிவு. 1955-ல் வந்தது நவம்பர் முடிந்து டிசம்பர் பிறக்கிற சமயம். அது ராஜாமடம் புயல். அதிராம்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதே ராஜாமடம்தான். கடல் 16 கிலோமீட்டர் வரை ஏறியது, சாவு சுமார் 500.

தீபம் என்று ஒரு துப்பு இருக்கிறதே, பௌர்ணமியைப் பார்த்தால் முடிந்தது என்று நினைத்துக் கணக்குப் போட்டேன். பார்த்தால் கூத்து. 1955-ல் பௌர்ணமி நவம்பர் 29. 1952-ல் டிசம்பர் பிறந்த கையோடு பௌர்ணமி. ஆக இரண்டு வருடமும் புயல் வந்தது தீபத்தை ஒட்டித்தான்! ஒரே வித்தியாசம், 52-ல் புயல் முந்திக்கொண்டது, 55-ல் தீபம் முந்திக்கொண்டது. அகல் ஏற்றி முடித்த பிறகு புயல் என்றால் 55 பக்கம் கொஞ்சம் சாய்கிறது.

இன்னொன்று. 1955 நவம்பர் 29 ராத்திரி ஒரு சந்திர கிரகணமும் உண்டு. சின்னது, ஓரத்தில் மட்டும் பிடித்தது. மேகம் இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சாப்பிடாதே, வெளியே போகாதே என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள் இல்லையா? அப்பாயியிடம் கிரகணம் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களாக எடுத்துக் கொடுக்காமல் கேளுங்கள்.

நாகை டீசல்

புயலுக்கு ஜாதகம் கணிக்கிற முதல் இழை இதுதான். நடத்துங்கள்.

பள்ளிக்கூடத்தார்

தீபத் துப்பை அவ்வளவு நம்ப வேண்டாம் தம்பி. எங்கள் பக்கம் பல வீடுகளில் கார்த்திகை மாதம் பிறந்ததிலிருந்தே தினமும் வாசலில் விளக்கு வைப்பார்கள். திண்ணையில் அகல் இருந்ததால் தீபம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால் உங்கள் அப்பாயி சொன்னதிலேயே உருப்படியானது தண்ணீர் வந்த திசைதான். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து நேர்தெற்காக இறங்குகிற கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. இந்த முக்கில்தான் வேதாரண்யம் இருக்கிறது. அகஸ்தியம்பள்ளி ஆட்களுக்குக் கடற்கரை கிழக்கே. அளமும் சதுப்பும் தெற்கிலும் மேற்கிலும். அந்தச் சதுப்பு முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் நீள்கிறது.

நம் பக்கத்துப் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். மேற்கு நோக்கி வருகிற புயலில், அதன் கண்ணுக்கு, அதாவது நடு மையத்துக்கு, வடக்கே உள்ள கரையில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும், தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெற்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும்.

52 புயல் நாகை பக்கம் ஏறியது. வேதாரண்யம் அதற்குத் தெற்கே கிடக்கிறது. 55-ல் ஏறிய ராஜாமடம் நமக்கு மேற்கே, பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் புயல் நமக்குத் தெற்கே கடல் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அப்போது நம் ஊர் அதன் வலப்பக்கம். கிழக்கே ஆரம்பித்து, தென்கிழக்காகி, அப்புறம் தெற்கிலிருந்து காற்று ராத்திரி முழுக்கத் தள்ளியிருக்கும். பாக் நீரிணை ஆழமே இல்லாத கடல், பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். ஆழமில்லாத கடலில் காற்று தள்ளுகிற தண்ணீருக்கு ஒதுங்க இடம் கிடையாது, கரைமேல் ஏறித்தான் ஆகவேண்டும். சதுப்பில் ஏறி அளத்தைத் தாண்டி ஊருக்குள் வரும். அளத்துப் பக்கமிருந்து தண்ணீர் வந்தது என்று ஒரு சின்னப்பிள்ளை பார்த்துச் சொல்கிறது என்றால், என் ஓட்டு 55-க்குத்தான்.

இன்னொரு விஷயம், இழைக்குச் சம்பந்தம் கம்மிதான். 1930-ல் திருச்சியிலிருந்து நடந்து வந்து வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ராஜாஜிதான் 52-ல் புயல் அடித்தபோது முதலமைச்சர். உப்பு அள்ளிய இடத்துக்கு எவ்வளவு நிவாரணம் வந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது பழைய பத்திரிகை இருந்தால் சொல்லுங்கள்.

வத்தக்கடல்

ஆறுகாட்டுத்துறை. கடலுக்குப் போகிற வீடு.

சார் சொல்வது புத்தகத்தில் சரி. எங்கள் ஆட்கள் இதையே காற்றுப் பெயரில் சொல்வார்கள். வாடை வடக்கே, கொண்டல் கிழக்கே, கச்சான் மேற்கே, சோழகம் தெற்கே. புயல் எங்கே போகிறது என்று டிவி சொல்வதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். வாடை கொண்டலாகி, கொண்டல் சோழகமானால் புயல் நமக்குத் தெற்கே போகிறது. வாடை கச்சானாகத் திரும்பினால் வடக்கே போகிறது. திரும்பவே இல்லை, வாடை ஏறிக்கொண்டே போகிறது என்றால் நம் தலைமேல்தான்.

கஜா அப்படித்தான் வந்தது. 2018 நவம்பர் 15 ராத்திரி முதலில் வாடை. ஓட்டு வீடு, சீட்டு வீடு எல்லாம் வடக்குப் பக்கமாகப் பிய்ந்தது. நள்ளிரவு தாண்டி ஒரு கட்டத்தில் சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுபோனது. ஒரு இலை ஆடவில்லை. புயல் தாண்டிவிட்டது என்று நினைத்து ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஒருத்தர் பறந்துபோன தார்ப்பாயைத் தேடிக்கொண்டு டார்ச்சோடு தெருவில் நிற்கிறார், இன்னொருத்தர் மாட்டை அவிழ்க்கப் போகிறார். பெரியவர்கள்தான் “உள்ளே வாங்கடா, சோழகம் பாக்கி இருக்கு” என்று கத்தினார்கள். கத்தி முடிப்பதற்குள் தெற்கிலிருந்து வந்தது பாருங்கள். முதல் காற்றில் வடக்கே இருந்து அசைத்து வைத்திருந்த மரத்தையெல்லாம் இரண்டாவது காற்று எதிர்ப்பக்கமாகத் தள்ளிச் சாய்த்தது. ஊர் போனது அந்த இரண்டாவது காற்றில்தான்.

அப்பாயியிடம் இதையும் கேளுங்கள். நடுவில் காற்று நின்றதா? நின்றிருந்தால் புயல் நேராக ஊர்மேல் வந்தது. நிற்காமல் திரும்பிக்கொண்டே இருந்தது என்றால் சார் சொல்கிற 55.

வானிலைக் கிறுக்கன்

வத்தக்கடல் அண்ணே, இதை வானிலைப் படிப்பில் முதல் பாடமாகவே வைக்கலாம்.

தீபத்துக்காகப் பௌர்ணமி பார்க்கப் போனவன் மற்ற பேரிடர்களுக்கும் பார்த்தேன். 1952, 55 இரண்டும் பௌர்ணமியை ஒட்டி. 1977 நவம்பர் 12 புயல், தீபாவளி அமாவாசை முடிந்த மறுநாள். 2004 டிசம்பர் 26 பௌர்ணமி. கஜா மட்டும் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் வந்தது, வளர்பிறை அட்டமி பக்கம். அமாவாசை பௌர்ணமியில் ஓதம் (கடல் ஏறி இறங்குவது) கூடுதல், அட்டமியில் ஓதம் குறைவு. பழைய புயல்களில் ஊரையே மூழ்கடித்த கடல், கஜாவில் அந்த அளவுக்கு வராமல் காற்று மட்டும் ஆடித் தீர்த்ததற்கு இது ஒரு காரணமாக இருக்குமா?

பள்ளிக்கூடத்தார்

ஒரு காரணம், அதுவும் சின்னக் காரணம். நாகைக் கரையில் ஓதம் ஏறி இறங்குகிற உயரமே ஒரு மீட்டருக்குக் குறைவுதான். அமாவாசைக்கும் அட்டமிக்கும் உள்ள வித்தியாசம் அதிலும் ஒரு பகுதி. வாசற்படி நனைவதா, வீட்டுக்குள் வருவதா என்ற இடத்தில் அது முக்கியம். 16 கிலோமீட்டர் உள்ளே வந்த கடலை அது விளக்காது. அதற்குப் புயலின் பலம், போன பாதை, எவ்வளவு மெதுவாகப் போனது, கடலின் ஆழம் எல்லாம் பார்க்க வேண்டும்.

சுனாமியை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி பஞ்சாங்கம் பார்த்து உடையவில்லை.

நாகை டீசல்

பாயிண்ட். ஆனா பௌர்ணமின்னாலே எங்க அம்மா இன்னும் கடற்கரைக்கு விட மாட்டேங்குது.

தோப்புத்துறை பாய்

77 பேச்சு வந்ததால் நுழைகிறேன். அந்தப் புயலைப் பற்றி எங்கே தேடினாலும் நாலு வரிதான் கிடைக்கும். சுமார் 560 பேர் செத்தார்கள், லட்சக்கணக்கில் வீடிழந்தார்கள், ஆடு மாடு ஆயிரக்கணக்கில் போனது. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை வரைக்கும் உள்நாட்டில் காற்று அடித்த புயல் அது. எம்ஜிஆர் முதலமைச்சராகி அரை வருடம்கூட ஆகவில்லை. இத்தனைக்கும் ஏன் நாலு வரி?

அடுத்த வாரமே, நவம்பர் 19-ல், ஆந்திராவில் திவிசீமா புயல் வந்துவிட்டது. அங்கே பத்தாயிரம் பேருக்கு மேல் போனார்கள். நாடு முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. அது நியாயம்தான், அங்கே போன உயிர் அவ்வளவு. ஆனால் நம் புயல் ஏழே நாளில் பழைய செய்தி ஆகிவிட்டது. எங்கள் வாப்பா இன்றைக்கும் சொல்வார், “நம்ம மையத்துக்கு அழுவ வந்தவன், பாதி வழியில் பெரிய மையத்து வீட்டுக்குத் திரும்பிட்டான்” என்று. மையத்து என்றால் எங்கள் பேச்சில் பிணம்.

நிஷாவும் அதே கதை. 2008 நவம்பர் 26, 27-ல் அது காரைக்கால் பக்கம் கரையேறியபோது டெல்டா முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை. சம்பா மூழ்கிக் கிடக்கிறது, டிவியைப் போட்டால் மும்பை தாஜ் ஓட்டல். அந்த மூன்று நாளும் எந்தச் சேனலிலும் வேறு எதுவும் கிடையாது.

அதனால் பேரனுக்கு ஒரு யோசனை. புயலின் பலத்தை மட்டும் எழுதாதீர்கள். அந்த வாரம் நாட்டில் வேறு என்ன நடந்தது என்றும் பக்கத்தில் எழுதுங்கள். நிவாரணம் வந்ததும் வராததும் பாதி அதில் தெரிந்துவிடும்.

பேராவூரணித் தென்னை

கஜாவைக் ‘காத்து’ என்று சொன்ன அப்பாயியை ஒரு தடவை எங்கள் ஊருக்குக் கூட்டி வாருங்கள் பேரன். தண்ணீர் வந்தால்தான் புயலா?

எங்களுக்குக் கடல் வரவில்லை. தென்னை போனது. காலையில் கதவைத் திறந்தால் இந்தத் தோப்பிலிருந்து நாலு தோப்பு தாண்டி இருக்கிற ரோடு தெரிகிறது. பிறந்ததிலிருந்து அந்த இடத்திலிருந்து ரோட்டைப் பார்த்ததே இல்லை. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாய், விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்றது. எக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500. வைத்த கன்று நல்லபடியாகக் காய்க்கிறதுக்கு ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரைக்கும் அந்தக் காசு எப்படிக் காணும்? மரத்தை அறுத்து எடுக்க ஆள் கூலி, மிஷின் வாடகை அந்த 500-க்கு மேலேயே போனது. எடுத்துப் போக லாரிக்காரன் தயாராக இல்லை, எல்லார் தோப்பிலும் மரம் கிடந்தால் யார் வாங்குவான்?

ஒன்று கவனித்தேன். வரப்பில் நின்ற பனை ஒன்றுகூடச் சாயவில்லை. மட்டை கிழிந்து நின்றது, அவ்வளவுதான். தென்னை வைக்க இடம் வேண்டும் என்று எங்கள் அப்பா வெட்டிப்போட்டது போக மிச்சம் இருந்த பனை.

வத்தக்கடல்

அண்ணே, உங்களுக்காவது தென்னைக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். வேதாரண்யத்து முல்லைப்பூத் தோட்டத்தையும் மாந்தோப்பையும் யாரும் பேசவே இல்லை. கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் பக்கம் காலையில் பூப் பறித்துத்தான் வீட்டுச் செலவே ஓடும். தினசரி வருமானம் ஒரே ராத்திரியில் நின்றது. மின்கம்பம் மொத்தமாகச் சாய்ந்ததில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, தண்ணீர் இறைக்க வழியில்லை. அளத்தில் கடல் கொண்டு வந்து போட்ட சேறு. உப்புக்காரனுக்குப் பாத்தியைத் திரும்பக் கட்டி மிதித்து இறுக்காமல் ஒரு பிடி உப்பு வராது.

அலையாத்தி

நான் கடலோரத் தாவரங்களைப் பற்றிப் படிப்பவள், ஊர் வெள்ளப்பள்ளம் பக்கம். பனை பேச்சு வந்ததால் நாலுவேதபதியைப் பற்றி எழுதியே ஆகவேண்டும்.

2002-ல் நாலுவேதபதி ஆட்கள் கின்னஸ் சாதனைக்காக 24 மணி நேரத்தில் 80,244 கன்று நட்டார்கள். பெரும்பாலும் சவுக்கு. அந்தச் சமயத்தில் அது ஒரு விழா, அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்துச் சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் தெருத்தெருவாகப் போனது. நாலுவேதபதி பெரிய சேதம் இல்லாமல் தப்பியது. கடலுக்கும் ஊருக்கும் நடுவே அந்தத் தோப்பு நின்றது.

உடனே என்ன ஆனது? கடற்கரை என்றால் சவுக்கு நடு என்று ஆகிவிட்டது. எங்கே பார்த்தாலும் சவுக்கு. அதற்காகச் சில இடங்களில் இருந்த மணல்மேட்டையே சமப்படுத்தினார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். புஷ்பவனம் பக்கம் மணல்மேடு உயரமாக இருந்த இடங்களில் சுனாமித் தண்ணீர் ஏற முடியாமல் திரும்பியது. மணல்மேட்டைக் கட்டிப் பிடித்திருப்பது சவுக்கு இல்லை. அடப்பங்கொடியும் இராவணன் மீசையும்தான். அடப்பங்கொடி தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும். இராவணன் மீசை முள்முள்ளாக நின்று, காற்றில் பறக்கிற மணலைப் பிடித்துக் காலடியில் குவிக்கும். மணல் மூட மூட அதற்கு மேலே வளரும். மேடு அப்படித்தான் உண்டாகிறது. அதற்குப் பின்னால் தாழை, அதற்கும் பின்னால் பனை. இதெல்லாம் யாரும் நடாமல் வந்தது. நர்சரியில் இராவணன் மீசைக் கன்று கிடைக்காது, விழா எடுக்கவும் முடியாது.

சரி, கஜாவில் என்ன ஆனது? சுனாமியைத் தாங்கிய அதே சவுக்குத் தோப்புகள் காற்றில் போயின. சுனாமி கீழே தண்ணீராக வந்தது, நெருக்கமாக நின்ற தண்டுகள் அதன் வேகத்தை உடைத்தன. புயல் மேலே தலையைப் பிடித்து ஆட்டியது. மணலில் மேலோட்டமாக வேர் விட்ட மரத்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கோடியக்கரைச் சரணாலயத்துக்குள்ளும் பெரிய சேதம். வெளிமானும் மட்டக்குதிரையும் செத்தன. மான் உடல்கள் காரைக்கால் வரை போய்க் கரை ஒதுங்கியதாகச் செய்தி வந்தது.

பள்ளிக்கூடத்தார்

அம்மா, கோபம் நியாயமானது. ஆனால் நாலுவேதபதிக்காரனைக் குறை சொல்லிவிடாதீர்கள். நட்ட மரம் ஒரு தடவை ஊரைக் காப்பாற்றியது, அதுவே பெரிசு. பிழை, அதைப் பார்த்துவிட்டு எல்லாக் கரைக்கும் ஒரே மருந்து எழுதியவர்களிடம்.

நம் ஊர் கதையே இப்படித்தான் ஓடுகிறது. 52, 55, 77-ல் வெள்ளமும் காற்றும் சேர்ந்து அடித்தது, புயலுக்கு ஒதுங்கக் கட்டடம் வேண்டும் என்று பேசினோம். 2004-ல் புயலே இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் கடல் வந்தது. எச்சரிக்கை என்று ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல் வந்தது, கடலோரத்தில் இருந்தவர்களைத் தள்ளிக் குடியமர்த்தினார்கள். 2018-ல் எச்சரிக்கை நன்றாகவே வேலை செய்தது. எண்பதாயிரம் பேருக்கு மேல் முன்கூட்டியே முகாமுக்குக் கொண்டுபோனார்கள், அதனால் பல உயிர் பிழைத்தது. ஆனால் எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டையும் மரத்தையும் கம்பத்தையும் ரோட்டையும் யாரும் யோசிக்கவில்லை. மறுநாள் வேதாரண்யத்துக்குள் வண்டி வர வழியில்லை. எப்போதும் போன பேரிடருக்குத்தான் நாம் தயாராக இருக்கிறோம்.

அலையாத்தி

சார், நாலுவேதபதியை நான் குறை சொல்லவே இல்லை. எங்கள் சித்தி வீடு அங்கேதான், அந்த 80,244-ல் நாலைந்து கன்று என் கையால் நட்டது. சமப்படுத்திய மேட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதுதான் என் வருத்தம். அதற்கு எத்தனை பருவக் காற்று வேண்டும்!

நாகை டீசல்

கோடியக்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஒரு செங்கல் கூடு நின்றதே, யாரிடமாவது போட்டோ இருக்கிறதா? சின்ன வயசில் பார்த்தது. 52, 55, 77 எல்லாவற்றுக்கும் தாக்குப்பிடித்துவிட்டு 2004-ல் விழுந்தது.

தோப்புத்துறை பாய்

எங்கள் மச்சான் கல்யாண ஆல்பத்தில் ஒன்று இருக்கிறது, பின்னணியில் பாதிதான் விழுந்திருக்கிறது. முன்னால் மாப்பிள்ளைத் தோழர்கள் எட்டுப் பேர் மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கிடைத்தால் போடுகிறேன்.

அளத்து வீட்டுப் பேரன்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஊருக்குப் போன் போட்டு, சித்தப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பாயியிடம் பேசினேன். நீங்கள் சொன்ன மாதிரியே எடுத்துக் கொடுக்காமல் கேட்டேன்.

கிரகணம் ஒன்றும் ஞாபகம் இல்லை. “மழையில் நிலாவே தெரியல, இதுல கிரகணம் எங்க தெரிஞ்சுது” என்று என்னையே திருப்பிக் கேட்டது.

காற்று நடுவில் நின்றதா என்றேன். நிற்கவில்லை. முதலில் சாயங்காலம் கடற்கரைப் பக்கமிருந்து அடித்தது, ராத்திரி போகப்போக அளத்துப் பக்கமாக மாறியது, மாறின பிறகுதான் தண்ணீர் வந்தது என்று தெளிவாகச் சொல்கிறது. தண்ணீர் சத்தமே இல்லாமல் வந்ததாம். அடுப்படியில் சட்டி மிதந்து சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் முழித்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா கூரையைப் பிய்த்துப் பிள்ளைகளை மேலே ஏற்றிவிட்டிருக்கிறார். விடிந்தபோது அளமும் ஊரும் ஒரே தண்ணீராகக் கிடந்ததாம். தண்ணீர் வடிந்ததும் உப்பு அம்பாரம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் களிமண்.

கொண்டலில் ஆரம்பித்துச் சோழகத்துக்குத் திரும்பியிருக்கிறது. அப்படியென்றால் 55 என்று நானே முடிவு கட்டிவிட்டு, போனை வைக்கப் போகும்போது சித்தப்பா நடுவில் புகுந்து ஒன்று கேட்டார். “அப்ப அகல் திண்ணையில இருந்தது?” என்று. அதற்கு அப்பாயி, “அது பழைய வீட்டுத் திண்ணைடா. பழைய வீடு அதுக்கு முந்தின புயல்லேயே போயிடுச்சே” என்கிறது!

ஆக அதற்கு இரண்டு புயலும் தெரியும். பழைய வீடும் அகலும் 52. கூரையில் ஏறியதும் தண்ணீரும் 55. முதல் புயலில் விழுந்த வீட்டுக்குப் பதிலாகக் கட்டிய வீடு மூன்றே வருடத்தில் இரண்டாவதிலும் போயிருக்கிறது. எழுபது வருடத்தில் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டது.

வானிலைக் கிறுக்கன்

ஆகா! இரண்டும் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி, இரண்டும் மூன்று வருட இடைவெளியில். ஒன்றாகக் கலக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் ஒன்று, 52 புயலில் அகஸ்தியம்பள்ளிக்கு எந்தப் பக்கமிருந்து என்ன வந்தது என்று இன்னும் நமக்குத் தெரியாது. கூரையைக் காற்று கொண்டுபோனதா, கிழக்கிலிருந்து கடல் வந்ததா? அப்பாயி அலுத்துக்கொள்ளாத நேரமாகப் பார்த்து ‘முந்தின புயல்’ என்று தனியாகக் கேளுங்கள்.

பேராவூரணித் தென்னை

சரி, மூன்று வருடத்தில் இரண்டு வீடு போனவர் கஜாவைக் காத்து என்று சொல்லிக்கொள்ளட்டும். நான் வழக்கை வாபஸ் வாங்குகிறேன்.

தோப்புத்துறை பாய்

பேரன், வாப்பாவுக்கு 77 முழுசாக ஞாபகம் இருக்கிறது, கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். குரலைப் பதிவு பண்ணி அனுப்புகிறேன், எழுதிக்கொள்வது உங்கள் பாடு. சித்தப்பா வேதாரண்யம் பக்கம் வந்தால் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். மாலை நேரம் என்றால் நல்லது, அசர் தொழுகைக்கு அப்புறம் ஆள் திண்ணையில்தான் இருப்பார்.

வத்தக்கடல்

எங்கள் தெருவில் ஒரு கிழவர் 55-ல் கட்டுமரத்தைத் தெருவுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போய் ஆள் ஏற்றியதாகச் சொல்லிக்கொண்டிருப்பார். இத்தனை நாள் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தோம். இப்போது கடலுக்குப் போகிற பாடு இல்லை, ஆள் சும்மாதான் இருக்கிறார். நாளைக்குப் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். எந்தத் தெரு வரைக்கும் கட்டுமரம் போனது என்று சொன்னால், தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று சார் கணக்குப் போட்டுவிடுவார்.